கோட்டின் இரண்டாவது பட்டன்

அந்தப் பெரிய துணிக்கடையில் வேலை பார்ப்பவர்கள் எல்லாரும் அவளைக் கன்ட்ரோல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் யாரையும் கன்ட்ரோல் செய்து யாரும் பார்த்ததில்லை. இரண்டாம் மாடியில், தையல் பிரிவுக்கும் கழிப்பறைக்கும் நடுவே, ஜன்னலே இல்லாத ஓர் அறை இருந்தது. அதற்குப் பெயர் கன்ட்ரோல் ரூம். சுவர் நிறையத் திரைகள், ஒரு சுழல் நாற்காலி, ஒரு வாக்கிடாக்கி, கிறீச்சென்று சுற்றும் ஒரு மின்விசிறி. காலையில் உள்ளே போனால் சாயங்காலம்தான் வெளியே வருவாள். வெளியே மழை பெய்ததா இல்லையா என்பதை வாடிக்கையாளர்களின் தலையைப் பார்த்துத் தெரிந்துகொள்வாள்.

கடைச் சரக்கு காணாமல் போகாமல் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சேர்ந்த புதிதில் எல்லாரையும் போல அவளும் முகங்களைப் பார்த்து ஏமாந்தாள். நிஜமாகவே திருட வந்தவளுக்குப் பால் வடியும் முகம் இருக்கும். வீட்டில் பொய் சொல்லிவிட்டுச் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவள் திருதிருவென்று முழிப்பாள். அந்தத் திரைகளில் சத்தமும் வராது. ஆகவே அக்கா மெல்ல மெல்லக் கைகளைப் பார்க்கப் பழகினாள். ஒரு பொருளை எடுத்து ஒளித்தவர்களின் கை சும்மா இருக்காது. ஒளித்த இடத்தைப் போய்ப் போய்த் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "மூஞ்சியப் பாக்காத. கையப் பாரு."

யாரையும் கையும் களவுமாகப் பிடித்து நாலு பேர் நடுவில் நிறுத்துவது அவளுக்குப் பிடிக்காது. வாக்கிடாக்கியை எடுத்து, "மூணாவது வரிசையில பச்சைச் சட்டை போட்ட அம்மாவுக்கு உதவி வேணுமாம்" என்று சொல்வாள். கீழே காவலுக்கு நிற்கும் மீசை அந்த அம்மாவின் பக்கத்தில் போய், பணிவாக, "என்ன சைஸ் பாக்கறீங்க?" என்று கேட்பான். கொஞ்ச நேரத்தில் பொருள் தானாக அலமாரிக்குத் திரும்பிவிடும். மீசை தன் மீசையை எடுத்து வருஷக்கணக்காகிறது. பெயர் மட்டும் போக மாட்டேன் என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இந்த வேலையில் ஒரு தொல்லை உண்டு. வீட்டுக்குப் போனாலும் கண் வேலையை விடாது. பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவர் பையைத் தடவினால் அக்காவின் முதுகு நிமிர்ந்துவிடும். யாராவது சிரித்துப் பேசினால் அவள் பார்வை தானாக அவர்கள் கைக்கு இறங்கிவிடும். அதனாலேயே அக்கம்பக்கத்தில் அவளோடு ஒட்டிப் பழகியவர்கள் குறைவு. ஒருத்தி நம் கையையே பார்த்துக்கொண்டிருந்தால் எவ்வளவு நேரம்தான் பேச முடியும், சொல்லுங்கள்.

படிக்கட்டு முடிகிற இடத்தில் ஒற்றை அறை. ஒரு கட்டில், ஒரு அடுப்பு, ஒரு நாற்காலி. யாராவது வந்தால் கட்டிலில் உட்காரட்டுமே என்று இரண்டாவது நாற்காலி வாங்காமல் விட்டாள். யாரும் வரவில்லை. அதனால் அந்த யோசனை சரியா தப்பா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஆனால் அவள் பிறவி ஒண்டிக்கட்டை இல்லை. கல்யாணம் ஆகிப் பிள்ளை பெற்றவள்தான். புருஷன் அடிக்கவில்லை, குடிக்கவில்லை. கோபம் வந்தால் பேச மாட்டார், அவ்வளவுதான். ஒரு நாள் இரண்டு நாள் என்றால் தாங்கலாம். அவர் மாதக்கணக்கில் வாயை மூடிக்கொள்வார். தட்டை நகர்த்தும் சத்தத்தை வைத்து அவருடைய மனசைக் கண்டுபிடித்துக் கண்டுபிடித்து அவளுக்குப் பித்துப் பிடிக்கும்போல ஆகிவிட்டது. ஒரு நாள் பையனைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அப்போது கடையில் ராத்திரிப் பணிதான் கிடைத்தது. பிள்ளையைத் தூங்க வைத்து, வெளியே பூட்டிக்கொண்டு போவாள். ஒரு தடவை அவன் நடுவில் விழித்துக்கொண்டு, கதவைத் தட்டித் தட்டி அழுது, கட்டிடமே கூடிவிட்டது. மறுநாள் அப்பாக்காரர் வந்து நின்றார். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அவளிடம் அவர் பேசிய முதல் வார்த்தை, "குடு."

அவள் கொடுத்துவிட்டாள். ஊரார் கடையைக் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தவள், பெற்ற பிள்ளையைப் பார்க்கவில்லை என்று நாலு பேர் பேசினார்கள். அவளும் அப்படியேதான் நினைத்தாள். வந்து வந்து போய்ப் பையன் மனசைக் கலைக்கக் கூடாது என்று அவர் ஒரு நிபந்தனை போட்டார். அதற்கும் தலையாட்டினாள். பிறகு அவர் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டார். வந்த சித்தி கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும். பையன் அவளைச் சித்தி என்றே கூப்பிடுகிறான் என்பதில் மட்டும் அக்காவுக்கு ஓர் அற்ப நிம்மதி.

கல்லூரிக்குப் போய், கையில் சொந்தமாக போன் வந்த பிறகு, பையன் தானாகவே அம்மாவைத் தேடிப் பேச ஆரம்பித்தான். வாயைத் திறந்தால் மூடமாட்டான். அது அம்மா வழி. பேச்சு நடுவே அப்பா அறைக்குள் வந்துவிட்டால் மட்டும் குரல் சட்டென்று மாறும். "சரிங்க சார். பாத்துக்கறேன் சார். வெச்சுடறேன் சார்." முதல் தடவை அக்கா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பெற்றவளைச் சார் ஆக்கிவிட்டானே படவா! நாலைந்து தடவைக்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

எப்போதாவது ஒரு டீக்கடையில் சந்திப்பார்கள். தெரிந்தவர்கள் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காக ஓர் ஏற்பாடு. அவன் முதலில் வந்து மூலை மேஜையில் உட்கார்ந்திருப்பான். அவள் பிறகு வருவாள். கிளம்பும்போது அவள் முதலில் கிளம்புவாள். இதனால் நடந்தது என்னவென்றால், வளர்ந்த பிறகு தன் பையன் நடந்து அவள் பார்த்ததே இல்லை. கடைக்கு வருகிற நூறு பேரை நடையை வைத்தே அடையாளம் சொல்லுவாள். எந்தத் திரையில் எந்த மூலையில் வந்தாலும், முகம் தெரியாவிட்டாலும், இது அந்தச் செருப்புக்கடைக்காரர் மனைவி, இது மாதம் ஒரு முறை வந்து ஒன்றும் வாங்காமல் போகிற டீச்சர் என்று சொல்லிவிடுவாள். பெற்ற பிள்ளை எப்படி நடப்பான் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அந்த நிலையில்தான் ஒரு நாள் போன் வந்தது.

"அம்மா, அடுத்த மாசம் பட்டமளிப்பு விழா."

"வரும்னு தெரியும்டா. என்னிக்கு?"

சொன்னான். பிறகு கொஞ்சம் தயங்கினான். "வீட்டுக்கு ரெண்டு பாஸ்தான் குடுக்கறாங்கம்மா."

"சரி கண்ணு. அவங்க ரெண்டு பேரும் போகட்டும்."

"நீ ஒண்ணும் நெனச்சுக்கலையே?"

"இதுல நெனச்சுக்க என்ன இருக்கு? எனக்கு அன்னிக்கு டூட்டி வேற."

"உள்ள யாரும் படம் எடுக்கக் கூடாதாம். போனெல்லாம் வாசல்லயே வாங்கி வச்சுடுவாங்களாம். அவங்க ஆளு எடுக்கற போட்டோதான். வந்ததும் உனக்கு ஒண்ணு…" என்றவன் குரல் சட்டென்று இறுகியது. "சரிங்க சார். அப்படியே செஞ்சுடலாம் சார்."

அக்கா போனைக் கட்டிலில் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். போட்டோவில் பையன் நிற்பான், சிரிப்பான். நடக்க மாட்டான். மேடை என்றால் இந்தக் கோடியில் ஏறி அந்தக் கோடியில் இறங்க வேண்டும். அத்தனை தூரம் நடப்பான். அது அவளுக்கு வேண்டும். ஒரு தரம் பார்த்தால் போதாது. கையில் இருக்க வேண்டும். நினைத்தபோது போட்டுப் பார்க்க வேண்டும். யாருக்கும் தெரியக் கூடாது, அவனுக்கும்கூட.

மண்டபத்துக்குள் போக வழி மீசைதான். லீவு நாட்களில் அவன் விழா மண்டபங்களுக்குக் காவல் வேலைக்குப் போவான். அந்த மண்டபமும் அவனுக்கு வழக்கமான இடம். அக்கா விஷயத்தைச் சொன்னபோது அவன் காரணம் எதுவும் கேட்கவில்லை.

"மாடி பால்கனி பாதிக்கு மேல காலியாதான் கெடக்கும், பக்கவாட்டுப் படியில ஏத்தி விட்டுடறேன். ஆனா போன் மட்டும் கொண்டு வராதக்கா. எவனாவது பாத்தான்னா என் பொழப்புல மண்ணு."

"போன் கொண்டு வர மாட்டேன்."

அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை என்பது அவளுக்கே தெரியும்.

மின்சாதனக் கடைகள் வரிசையாக இருக்கும் சந்தில், ஆள் ஒருக்களித்துத்தான் நுழைய முடிகிற ஒரு கடைக்குப் போனாள். கடைக்காரன் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, கேட்பதற்கு முன்பே குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"வீட்டுக்காரர் மேல சந்தேகமா?"

"இல்ல."

"வேலைக்காரப் பொண்ணா?"

"பையன்."

"அடப்பாவமே. கெட்ட சகவாசமா?"

"பட்டம் வாங்கறான்."

கடைக்காரன் வாய் திறந்தபடி நின்றான். அவன் தொழிலில் இப்படி ஒரு பதிலை அவன் கேட்டதில்லை. "பட்டம் வாங்கற பையன எதுக்குங்க ஒளிஞ்சிருந்து எடுக்கறீங்க?"

"இருக்கறத எல்லாம் எடுத்து வைங்க" என்றாள்.

கண்ணாடி மேஜைமேல் மறைவாகப் படமெடுக்கிற கேமராக்கள் ஒவ்வொன்றாக வந்தன. திருடுகிறவர்களை வாழ்நாள் முழுக்கப் பார்த்தவள், இப்போது தானே திருடப் போகிறவளாக நின்று யோசித்தாள். கைக்கடிகாரம் வேண்டாம், அதை வைத்துப் படமெடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டே இருக்க வேண்டும், சத்தியப் பிரமாணம் எடுக்கிறவள் மாதிரி. சாவிக்கொத்தும் வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் யார் சாவியை ஆட்டிக்கொண்டிருப்பார்கள்? பேனா நன்றாக இருந்தது, ஆனால் அதைக் குத்தப் பெண்கள் உடுப்பில் நெஞ்சுப் பக்கம் எவன் பை வைத்துத் தைக்கிறான்? மூக்குக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள். நடுத் தண்டில் ஊசிமுனை அளவு ஓட்டை, அதற்குள் கேமரா. படம் அருமையாக வந்தது. கடைக்காரனும் அதைத்தான் தலையில் கட்டப் பார்த்தான்.

"இதுதாங்க பெஸ்ட். நீங்க எங்க பாக்கறீங்களோ அங்கயே அதுவும் பாக்கும்."

அக்கா கழற்றிக் கீழே வைத்தாள். "நான் அழுவேன். கண்ணத் தொடைக்க இதக் கழட்ட வேண்டி வரும்."

கடைசியில் பட்டனைத் தேர்ந்தெடுத்தாள். கோட்டின் பட்டனைப் பிய்த்துவிட்டு அந்த இடத்தில் இதை உள்ளிருந்து மாட்ட வேண்டும். வெளியே பார்த்தால் கறுப்புப் பட்டன், உள்ளே கேமரா, அதிலிருந்து ஒரு மெல்லிய வயர் கோட்டுப் பைக்குள் இருக்கும் சின்னப் பெட்டிக்குப் போகும். பெட்டியில் உள்ள சுவிட்சை அமுக்கினால் அது ஒரு தரம் மெல்ல அதிரும், ஓட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம். அதே ஜாடையில் நாலு வெறும் பட்டன்களும் கூடவே கொடுத்தார்கள். ஒன்று மட்டும் வேறாகத் தெரியக் கூடாது என்பதற்காக. இந்த யோசனை பண்ணின ஆளை அக்கா மனசுக்குள் மெச்சினாள்.

அவளிடம் ஒரே ஒரு நல்ல கோட்டு இருந்தது. சாம்பல் நிறம். பழைய பட்டன்களை எல்லாம் எடுத்துவிட்டு, புதியதை வரிசையாகத் தைத்தாள். மேலிருந்து இரண்டாவதில் கேமரா. சரியாக நெஞ்சுக்கு நேரே.

பிறகு ஒத்திகை. கடை திறப்பதற்கு முன்னால் ஆண்கள் பிரிவிலிருந்து ஒரு பொம்மையைத் தள்ளிக்கொண்டு போய் நீண்ட வரிசையின் அந்தக் கோடியில் நிறுத்தினாள். கோட்டு போட்ட, தலையில்லாத பொம்மை. இந்தக் கோடியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து அதைப் பார்த்தாள். தரை கூட்டிக்கொண்டிருந்த அம்மாள் துடைப்பத்தை நிறுத்திவிட்டு, "என்னா அக்கா, மாப்பிள்ளை பாக்கறியா? தலை இல்லையேன்னு விட்டுடாத, இருக்கறவனுங்க மட்டும் என்னத்தக் கிழிச்சானுங்க" என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

அறைக்கு வந்தும் விடவில்லை. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தால் படம் எப்படி, சாய்ந்தால் எப்படி, மூச்சு வாங்கினால் ஆடுகிறதா, எழுந்து நின்றால் எவ்வளவு உயரம், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தால் முழங்கை குறுக்கே வருகிறதா. எல்லாம் பார்த்தாயிற்று. முழங்கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு அழுவதற்குப் பழகினாள். முக்கியமாக, பட்டனைத் தொடாமல் இருக்கப் பழகினாள். எத்தனை பேர் அந்தத் தொடுகையால் அவளிடம் மாட்டியிருக்கிறார்கள்!

விழா அன்று பக்கவாட்டுப் படியின் கீழே மீசை சீருடையில் நின்றான். அக்காவைப் பார்த்ததும் ஒரு கணம் கண்ணை இடுக்கினான்.

"கோட்டுல பட்டன் புதுசு மாத்தினியா?"

"பழசு தேஞ்சு போச்சு."

"நல்லா இருக்கு," என்று சொல்லிவிட்டு வழி விட்டான்.

பால்கனியில் அவன் சொன்னபடியே பாதி காலி. முன்வரிசையில், கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஓர் இடம் பார்த்து உட்கார்ந்தாள். பக்கத்து இருக்கையில் மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி. கீழே நூற்றுக்கணக்கான தலைகள். மேலிருந்து தலைகளைப் பார்ப்பது அக்காவுக்குப் பிறந்த வீட்டுக்குப் போவது மாதிரி. நாலாவது வரிசையில் உச்சி வழுக்கையாகி, காதோரம் மட்டும் முடி வைத்த ஒரு தலை. பக்கத்தில் பளபளப்பான கிளிப் குத்திய ஒரு கொண்டை. அவர்கள்தான். அவருக்கு வயசாகிவிட்டிருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சந்தோஷமாகவும் இல்லை, பாவமாகவும் இல்லை.

மைக்கில் ஒருவர், பெயர்கள் நிறைய இருப்பதால் யாரும் நடுவில் கைதட்ட வேண்டாம், கடைசியில் எல்லாருக்கும் சேர்த்துத் தட்டிவிடலாம் என்று கேட்டுக்கொண்டார். மண்டபம் அடங்கியது. கறுப்பு அங்கி போட்ட பிள்ளைகள் மேடையின் இடது ஓரத்தில் வரிசை கட்டினார்கள். அக்கா பைக்குள் கையை விட்டு அமுக்கினாள். பெட்டி ஒரு தரம் அதிர்ந்தது. முதுகை நிமிர்த்தினாள், மூச்சைச் சீராக்கினாள், கைகளை மடியில் கோத்துக்கொண்டாள்.

பெயர், நடை, காகிதம், கைகுலுக்கல், இறக்கம். அடுத்த பெயர். எல்லாப் பிள்ளைகளும் ஒரே அங்கியில் ஒரே மாதிரித்தான் இருந்தார்கள். இந்தத் தூரத்தில் முகம் சரியாகத் தெரியவில்லை. பெயர் கூப்பிட்டால்தான் தெரியும் என்று நினைத்துக் காதைத் தீட்டிக்கொண்டு இருந்தாள்.

பெயர் தேவைப்படவே இல்லை. வரிசையிலிருந்து ஒருவன் ஓரடி முன்னால் வந்தான். இடது தோள் கொஞ்சம் இறங்கி, பாதத்தைத் தூக்கி வைக்காமல் தேய்த்து வைத்து, அவசரமே இல்லாதபோதும் அவசரமாக. அந்த நடையை அக்கா தினமும் பார்க்கிறாள். காலையில் கன்ட்ரோல் ரூமுக்கு வரும்போது வாசல் கேமராவில் பதிவானதை ஓட்டிச் சரிபார்ப்பது முதல் வேலை. அதில் இப்படித்தான் ஒருத்தி இடது தோளை இறக்கிக்கொண்டு உள்ளே வருவாள். அது அவளுடைய நடை. யாரும் சொல்லிக் கொடுக்காமல், கூட நடந்து பழகாமல், பக்கத்தில் இல்லாத அம்மாவின் நடையை அவன் அப்படியே வைத்திருந்தான்.

அவன் மேடையின் நடுவை நோக்கி நடந்தான். அந்த அமைதியில் யாரோ பலமாகக் கைதட்டினார்கள். எந்தப் பைத்தியம் இப்படித் தட்டுகிறது என்று அக்காவும் நினைத்தாள். பிறகுதான் தன் உள்ளங்கை எரிவது தெரிந்தது. தெரிந்த பிறகும் நிறுத்த முடியவில்லை. பையன் தலையைத் தூக்கி மாடிப் பக்கம் பார்த்தான். விளக்கு வெளிச்சத்தில் கண்ணைச் சுருக்கினான். காகிதத்தை வாங்கினான், அந்தக் கோடிக்கு நடந்தான், இறங்கினான். அடுத்த பெயரைக் கூப்பிட்ட பிறகுதான் அவள் கைகள் மடிக்கு வந்தன.

பக்கத்துப் பெண்மணி சிரித்துக்கொண்டே குனிந்தாள். "உங்க பையனா?"

கீழே நாலாவது வரிசையில் அந்த வழுக்கைத் தலை மெல்லப் பின்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தது. அக்கா இருக்கையில் சரிந்து உட்கார்ந்தாள். "இல்லங்க. தெரிஞ்ச பையன்."

கூட்டம் எழுவதற்கு முன்பே படியிறங்கினாள். மீசை அங்கேயே நின்றான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கடையில் பேசுகிற அதே பணிவான குரலில், "மாடி முன்வரிசையில கோட்டு போட்ட அம்மாவுக்கு உதவி ஏதாச்சும் வேணுமான்னு பாத்தேன்" என்றான். அவன் கண் அவள் முகத்தில் இல்லை. அக்கா குனிந்து பார்த்தாள். அவளுடைய வலது கை இரண்டாவது பட்டன்மேல் கச்சிதமாகப் பதிந்திருந்தது. மீசை கதவைத் திறந்துவிட்டான்.

அறைக்கு வந்ததும் கோட்டைக்கூடக் கழற்றாமல், பெட்டியிலிருந்து மெமரி கார்டை எடுத்துப் போனில் செருகினாள். கட்டிலில் உட்கார்ந்து ஓடவிட்டாள். கைப்பிடிச் சுவர் ஓரமாகத் தெரிந்தது, மேடை முழுதும் அழகாக விழுந்திருந்தது. ஒருவன் போனான், ஒருத்தி போனாள். ஆட்டமில்லை, அசைவில்லை. நம் வேலை என்றால் சும்மாவா என்று அவளுக்கே ஒரு பெருமிதம். இதோ, இடது ஓரத்தில் அந்தத் தோள் இறங்கியது. ஓரடி வைத்தான்.

உடனே இரண்டு கைகள் வந்து திரையை அடைத்துக்கொண்டன.

யாருடைய கை என்று ஒரு நிமிஷம் புரியவில்லை. காய்ந்து, நரம்பு எழும்பி, ஒரு விரலில் இஸ்திரிப் பெட்டி சுட்ட பழைய தழும்போடு, இரண்டு உள்ளங்கைகள் மூடித் திறந்து மூடித் திறந்து. நெஞ்சுக்கு நேரே, பட்டனுக்கு நேரே. விரல் சந்துகளில் கொஞ்சம் வெளிச்சம், எங்கோ ஒரு துண்டுக் கறுப்பு அங்கி. அவ்வளவுதான். கைகள் விலகியபோது மேடையில் வேறொரு பிள்ளை நின்றிருந்தான்.

முதலுக்குத் திருப்பினாள். மறுபடியும் ஓரடி, மறுபடியும் கைகள். அழுதால் என்ன செய்வது என்று அத்தனை ஒத்திகை பார்த்தவள், கைதட்டினால் என்ன ஆகும் என்று ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. எப்படிப் பார்ப்பாள்? தனியாக இருக்கிறவள் அறையில் உட்கார்ந்து யாருக்குக் கைதட்டுவாள்? அழுகைக்கு எல்லா ஏற்பாடும் செய்திருந்தாள். சந்தோஷம் வரும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

"மண்டு, மண்டு" என்று வாய்விட்டே தன்னைத் திட்டிக்கொண்டாள். அப்போதுதான் நிறுத்த மறந்த போனிலிருந்து குரல் வந்தது. இத்தனை வருஷமாகச் சத்தமில்லாத திரைகளைப் பார்த்துப் பழகியவள், இந்தக் கேமரா அவர்கள் பேசியதையும் பிடித்திருக்கும் என்று யோசிக்கவே இல்லை.

"உங்க பையனா?"

"இல்லங்க. தெரிஞ்ச பையன்."

அது எவ்வளவு இயல்பாக வந்திருந்தது என்பதுதான் அவளைக் குத்தியது. கொஞ்சமாவது தடுமாறியிருக்கலாம். அக்கா போனைக் கவிழ்த்து வைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்து, இந்தத் தடவை சத்தத்தை அடைத்துவிட்டு, கடையில் பார்ப்பதுபோல அந்தக் கைகளை மட்டும் பார்த்தாள். வாய் என்ன சொல்லியிருந்தாலும் சரி, இப்படித் தட்டுகிற ஒருத்தியை எந்தத் திரையில் பார்த்திருந்தாலும், அது அவள் பெற்ற பிள்ளை என்று அடித்துச் சொல்லியிருப்பாள்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் போன் அடித்தது.

"அம்மா! டூட்டி முடிஞ்சுதா?"

"ம். நல்லா நடந்துச்சா கண்ணு?"

"சூப்பரா நடந்துச்சு. ஒரு கூத்து கேளு. யாரும் கைதட்டக் கூடாதுன்னு சொல்லி வச்சிருந்தாங்களா, நான் போறப்ப மட்டும் மாடியில யாரோ ஒருத்தங்க தட்டினாங்க. நிறுத்தவே இல்லம்மா. பசங்கெல்லாம் ஓட்டித் தள்ளிட்டானுங்க. யாருடா அது, யாருடா அதுன்னு." சற்று நிறுத்தினான். "மேல பாத்தேன். லைட்டு கண்ணுல அடிச்சுது. மூஞ்சி தெரியல."

பிறகு அவன் பேசவில்லை. வாயைத் திறந்தால் மூடாத பையன், பேசாமல் காத்துக்கொண்டிருந்தான். யாராவது விளையாட்டுக்குத் தட்டியிருப்பார்கள் என்று சொல்லிவிட்டால் முடிந்தது. எனக்குத்தான் டூட்டியாச்சே என்று சொன்னாலும் முடிந்தது. இரண்டு பொய்யும் அவளுக்குத் தயாராகத்தான் இருந்தன. கோட்டு இன்னும் உடம்பில்தான் இருந்தது. கை அந்தப் பட்டனைப் பிடித்துக்கொண்டது.

"நான்தான்டா," என்றாள்.

அதற்குள் அந்தப் பக்கம் ஒரு கதவு திறந்தது. பத்துப் பதினைந்து வருஷமாகக் கேட்காத ஒரு குரல், கொஞ்சம் கரகரத்துப் போய், ஆனால் அதே குரல், "யாரு போன்ல?" என்று கேட்டது.

இதற்கு அடுத்தது என்ன என்று அக்காவுக்குத் தெரியும். அந்தச் சார் என்கிற வார்த்தை காதுக்குள் நேராக விழ வேண்டாமே என்று போனை ஒரு விரற்கடை தள்ளிப் பிடித்தாள். இன்றைக்கு மட்டும் அதைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

"அம்மா," என்றான் பையன். அப்பா கேட்டது காதில் விழவில்லையோ, தன்னிடம்தான் பேசுகிறானோ என்று அவள் நினைப்பதற்குள், மறுபடியும், கொஞ்சம் உரக்க, "அம்மாப்பா. அம்மாகிட்டப் பேசிட்டிருக்கேன்."

அந்த அறையில் யாரும் எதுவும் பேசவில்லை. அந்த மௌனம் யாருடையது என்று அக்காவுக்குத் தெரியும். அதோடு அவள் குடும்பம் நடத்தியிருக்கிறாள். அது எத்தனை நாள் நீடிக்கும் என்றும், அதை இனி அந்தப் பிள்ளைதான் தாங்க வேண்டும் என்றும் நினைத்தபோது, தள்ளிப் பிடித்த போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். கதவு மூடும் சத்தம் கேட்டது. பையன் பெருமூச்சு விட்டான்.

"அம்மா?"

அவள் முழங்கையைப் பக்கவாட்டில் வைத்துக்கொண்டு கண்ணைத் துடைத்தாள், பழகினது அப்படி.

"அம்மா, இருக்கியா?"

"இருக்கேன்டா," என்றாள்.